அத்தையைச் சேர்க்காத குடும்பம்

மலை மேலே சோளக்காட்டுச் சந்தையில் பஸ் நின்று நான் இறங்குவதற்குள் அக்காவின் இருமல் கேட்டுவிடும். மிளகு மூட்டையை லாரியில் தூக்கிப் போடுகிற சத்தம், அன்னாசிக்கு விலை பேசுகிற சத்தம், கிளம்பப்போகிற பஸ்ஸின் உறுமல், எல்லாவற்றுக்கும் அடியில் வறட்டு இருமல் ஒன்று. அது வருகிற பக்கம் நடந்தால் டீக்கடை. டீக்கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகை நிறையப் புகை. புகைக்குள் அக்கா.

கடை மச்சானுடையது. அக்காவைக் கட்டிக்கொண்டு சில வருஷம் அடிவாரத்தில் என்னென்னவோ தொழில் பார்த்துவிட்டு, மலைக்கு மேலே டீக்குக் கிராக்கி என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏறியவர். அவர் முன்னால் நின்று டீ ஆற்றுவார். அவள் பின்னால் உட்கார்ந்து போண்டா சுடுவாள். மலையில் விறகு எப்போதும் அரை ஈரம்தான். வெயில் விருந்தாளி மாதிரி வரும், சாப்பிடாமலே போய்விடும். ஊதாங்குழலை வாயிலிருந்து எடுக்காமலே பேச அக்கா பழகியிருந்தாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற காலம். நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தேன். எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். எனக்குத் தலை வாரியது, சட்டைக்குப் பித்தான் தைத்தது, அடித்தது, அடித்துவிட்டு அழுதது எல்லாம் அக்கா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் பஸ். வளைவுக்கு வளைவு யாராவது ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டு வர, நான் மட்டும் பசியோடு மேலே ஏறுவேன். அந்தப் பசி அவளுக்காக எடுத்து வைத்தது.

"வந்துட்டியா. வந்த பஸ்லயே திரும்பிப் போறவனாட்டம் ஏன் நிக்கற?"

"புகையா இருக்குதுக்கா."

"டீக்கடைல பின்ன சாம்பிராணியா போடுவாங்க? உக்காரு. எண்ணெய் காயுது."

பிறகு இருமல். முதுகு வளைந்து, கை தரையைத் தேடும் இருமல்.

"டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

"சளிங்கறாரு. இந்த மலையில சளி இல்லாத ஆளு யாரு, உங்க மச்சானைக் கேளு."

மச்சான் முன்னாலிருந்து குரல் கொடுப்பார். "எனக்கு இல்லீங்க மாப்ள. நான் பீடி குடிக்கறேன். அந்த நாத்தத்துக்குச் சளி கிட்டவே வர்றதில்ல."

கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். மலைக்குள்ளே ஆலத்தூர் நாட்டு ஊர்களிலிருந்து மிளகு கொண்டுவந்த பெண்கள் டீ டம்ளருக்குள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும். அந்தச் சிரிப்பை அது முடிகிறவரை கேட்டதாக எனக்கு ஒரு ஞாயிறும் நினைவில்லை. இன்றைக்கு நான் ஏங்குவது அந்த மீதிப் பாதிக்குத்தான் என்று சில நாள் தோன்றும்.

ஒரு ஞாயிறு அவள் சேலை முந்தியில் சிவப்பு இருந்தது. வெற்றிலை என்றாள். அவள் வெற்றிலை போடுவதே இல்லை. நான் மச்சானைப் பார்த்தேன், மச்சான் டீயைப் பார்த்தார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் சேலத்துக்குப் போனோம்.

எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டினார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே, வலது பக்கம் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு வெளுப்பு. பனிக்காலத்தில் மலைப்பாதையில் எதிரே வருகிற லாரியின் ஒற்றை விளக்கு அப்படித்தான் தெரியும், தூரம் தெரியாமல். அக்காவைப் படுக்க வைத்துச் சோதித்த நர்ஸம்மா இடது மார்பில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். கட்டி. அது போன பலாக் காலத்திலிருந்தே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கலாமில்ல," என்று மச்சான் கேட்டார். கோபமாகக் கேட்க நினைத்து, முடியாமல் கேட்டார்.

"போண்டா போடற எடத்துல நின்னு சொல்றதா?" என்றாள்.

கட்டியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று என்று வந்தது. அப்புறம் அவர்களை டாக்டர் கூப்பிட்டார். உள்ளே புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும். நான் வெளியே காரிடாரில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தேன். டாக்டர் சின்ன வயது, பொறுமையானவர். நன்றாகத்தான் விசாரித்திருக்கிறார். மச்சான் வெளியே வந்து சொல்லும்போது அவர் குரலில் லேசாகப் பெருமைகூட இருந்தது.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த நோவு இருக்குதான்னு கேட்டாருங்க மாப்ள. எங்கப்பன் பாம்பு கடிச்சுப் போனாரு. பெரியப்பன் வயசாகிப் போனாரு. சித்தப்பன் லாரில அடிபட்டாரு. எங்க பங்காளிக ஊட்ல ஒருத்தருக்கும் கிடையாதுங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நம்ம நல்ல குடும்பம்னு தெரியோணுமில்ல."

நானும் தலையாட்டினேன். அதில் எனக்கு எதுவும் பிசகாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவள் குலம் மாறிவிடும், குலசாமி மாறிவிடும். கோயில் பொங்கலுக்கு வரி வாங்கும்போது அவள் தலை புருசன் வீட்டுத் தலைக்கட்டில் இருக்கும். எங்கள் குலசாமி கோயிலுக்கு அக்கா வந்தால் விருந்தாளியாக நின்று கும்பிட்டுவிட்டுப் போவாள். அவள் குடும்பம் எது என்று யார் கேட்டாலும் மச்சான் சொன்னதுதான் பதில். அக்காவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் மறுக்கவில்லை.

டாக்டர் சொன்னது இவ்வளவு. மார்பில் பிறந்தது நுரையீரலுக்குப் போய்விட்டது. அப்படிப் போன பிறகு அறுத்து எடுப்பதில் பயனில்லை. மருந்து ஏற்றலாம், வலியைக் குறைக்கலாம்.

"கத்தி வெக்க வேண்டாங்கறாங்க. அதுவே பெரிசுங்க மாப்ள," என்றார் மச்சான்.

அவருக்கு அது நல்ல சேதியாகக் கேட்டிருக்கிறது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அறுக்க முடியும் என்றால் அக்கா இருப்பாள். முடியாது என்றால் அடுத்த பலாவை அவள் பார்ப்பது சந்தேகம். அக்காவுக்கும் புரிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் என்னிடம் கமலா ஆரஞ்சு வாங்கித் தரச் சொன்னாள். வழி நெடுக ஒவ்வொரு சுளையாக உரித்து எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டியது. நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மேலேயே தங்கினேன். இடது கையைத் தூக்க அவளால் முடியவில்லை. ஒரு காலையில் கொட்டகைக்குப் பின்னால் அண்டாவில் வெந்நீர் போட்டு, அவள் குனிந்து உட்கார, மிச்சமிருந்த முடிக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். பனி இன்னும் விலகவில்லை. வெந்நீரின் ஆவியும் பனியும் கலந்து எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது. என் விரலோடு முடி வந்தது. அதை அவள் பார்க்காமல் கீழே விடுவதற்கு நான் பட்ட பாடு.

"விடு. தெரியும்," என்றாள் குனிந்தபடியே. "அத்தைக்கு நான் இப்படித்தான் ஊத்துனேன்."

"எந்த அத்தை?"

"எத்தனை அத்தை இருக்குது உனக்கு? அப்பாவோட தங்கச்சி. அதோட கடைசிக் காலத்துல சோறு பொங்கிப் போட என்னைத்தானே அனுப்புனாங்க. நீ அப்ப டவுசர் போட்டுட்டுச் சுத்திட்டிருந்த."

"அத்தை வயித்து நோவுல போனாங்கன்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க."

"வெளியில அப்படித்தான். மாருல இருந்துச்சு. ஒடஞ்சுபோச்சு. வேப்பங்கொழுந்து அரைச்சு வெச்சுக் கட்டுவேன். வாசல்ல ஆளு வந்தா ஊதுபத்தி பத்த வெப்பேன். ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்குதில்ல அந்த ஊட்ல. ஆத்தாளுக்கு மாருல நோவுன்னா புள்ளைய யாரு கட்டுவா?"

என் கையில் மொண்ட தண்ணீர் அப்படியே நின்றது.

"அக்கா, இதை டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"அவரு இதைக் கேக்கலையே. குடும்பத்துல இருக்குதான்னு கேட்டாரு. உங்க மச்சான் சொன்னாரு."

"அத்தை நம்ம குடும்பமில்லையா?"

அக்கா தலையைத் திருப்பி, முகத்தில் வழிகிற தண்ணீருக்கு நடுவே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் கணக்கைத் தப்பாகப் போட்டால் பார்ப்பாளே, அதே பார்வை.

"அது கட்டிக் குடுத்த ஊட்டு ஆளு. நான் இந்த ஊட்டு ஆளு. நடுவுல நம்ம குடும்பம் எங்கிருந்து சாமி வருது? ஊத்து, தண்ணி ஆறுது."

ஊற்றினேன். மத்தியான பஸ்ஸில் இறங்கி அப்பாவிடம் போனேன்.

அடிவாரத்துக் காட்டில் அப்பா குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். ஜவ்வரிசி மில்லுக்குப் போக டிராக்டர் வரப்பில் நின்றது. நான் வரப்பிலேயே நின்று கேட்டேன். அத்தை எதில் செத்தார்கள் என்று. அவர் நிமிரவில்லை.

"எதுக்கு இப்ப அது?"

"டாக்டர்கிட்டச் சொல்லோணுங்கப்பா."

"உங்கக்காளுக்கு வைத்தியம் பாக்கறவரு அவளை எதுக்குக் கேக்கறாரு? அவ செத்தது அவங்க ஊட்டுச் சாவு. நாம பொறந்த ஊட்டுக் கோடித்துணி கொண்டுபோய்ப் போட்டோம், தலை முழுகுனோம், வந்தோம். அதோட தீந்துது."

"கூடப் பொறந்தது தீந்துருமாங்கப்பா?"

கிழங்கின் மண்ணை அப்பா தட்டினார். தட்டியதையே மறுபடி தட்டினார். அவருக்குத் தங்கை என்றால் எவ்வளவு உயிர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அத்தை போன பிறகு அவர்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸிலேயே ஏற மாட்டார். சுற்றிக்கொண்டு போவார்.

"ரெண்டாவது புள்ளைக்கு இப்பத்தான் எடம் பாக்கறாங்க," என்றார். "நீ பாட்டுக்கு வாயத் தொறந்தீன்னா அந்தப் புள்ள ஊட்லயே உக்காந்துக்கும். செத்தவளுக்குக் குடுத்த வார்த்தைடா அது."

"இருக்கறவளுக்கு என்ன பண்றதுங்கப்பா?"

டிராக்டர்க்காரன் ஹாரன் அடித்தான். அப்பா அவனைக் கையாலேயே அடக்கினார். பிறகு கிழங்கைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்தார். அவர் பேசியது என்னிடம் பேசியது போலவே இல்லை.

"எங்கத்தை ஒருத்தி இருந்தா. எங்கப்பனோட அக்கா. வயிறு பெருத்துக் கெடந்தா. மாசமா இருக்கறான்னு நெனச்சு வளையல் போட்டாங்க. அதுவும் கட்டியாத்தான் இருக்கோணும். அவளும் கட்டிக் குடுத்தவதான்." மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தார். "நம்ம ஊட்டு ஆம்பளைக ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்லடா. பொறந்த புள்ளைகளா பாத்து எடுத்துட்டுப் போயிருக்குது. நாம கோடி போட்டுப் போட்டு மறந்துட்டே வந்திருக்கோம்."

துண்டை உதறித் தோளில் போட்டார். "நானே வாரேன். நீ சொன்னா ஊர் சொன்னதாயிரும். அண்ணங்காரன் நான் சொன்னா அது அவளே சொன்ன மாதிரி."

டாக்டர் அறையில் இந்த முறை நான்கு பேரும் போய் நின்றோம். நாற்காலி இரண்டுதான். அப்பா உட்கார மறுத்துவிட்டார். நின்றபடியே, சாட்சி சொல்கிறவர் மாதிரி, தங்கையைச் சொன்னார். அவர் தடுமாறிய இடங்களில் அக்கா எடுத்துக் கொடுத்தாள். எந்தப் பக்கம் மார், எவ்வளவு நாளில் உடைந்தது, அப்போது அத்தைக்கு என்ன வயது. அப்பாவின் அத்தையையும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதை ஏங்க முதல்லயே சொல்லல?"

மச்சானுக்கு முகம் சுண்டிப்போனது. "நீங்க குடும்பத்தைத்தானேங்க கேட்டீங்க. நான் எங்க குடும்பத்தைச் சொன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்லீங்க சார்."

"பொய் இல்லீங்க," என்றார் டாக்டர். "ஆனா இதுக்கு நீங்க சேர மாட்டீங்க. இவங்க பொறந்த வழிதான் சேரும்."

பிறகு அக்காவைப் பார்த்தே சொன்னார். அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். ஒரே வம்சத்தில் இப்படிப் பலருக்கு இருந்தால், ஒரே உடம்பில் இரண்டு இடத்தில் தனித்தனியாகப் புற்று வருவதற்கும் கொஞ்சம் வழி உண்டு. நுரையீரலில் இருப்பது மார்பிலிருந்து போனது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது அங்கேயே தானாகப் பிறந்ததாகவும் இருக்கலாம். ஊசி விட்டு அந்தச் சதையை எடுத்துப் பார்க்காமல் இனி எதுவும் சொல்ல முடியாது. தனித்தனி என்றால் இரண்டையும் எடுக்கப் பார்க்கலாம். நம்பிக்கை கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள் என்றார்.

"அடுப்புப் புகையினாலங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்மா. இதுதான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. பீடி குடிக்கறவங்க பக்கத்துல இருந்தாலும் ஆகாது."

மச்சான் சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டார்.

முதுகு வழியாக ஊசி விட்டு எடுத்தார்கள். முடிவு வருகிறவரை அக்கா கடையில் வழக்கம்போல உட்கார்ந்தாள். யாராவது உடம்பைக் கேட்டால் "பரீட்சை எழுதியிருக்கறேன், ரிசல்ட்டு வரல" என்பாள். நான் மலைக்கும் நாமக்கல்லுக்கும் சேலத்துக்குமாக ஓடினேன். எங்கேயும் நிற்க முடியவில்லை. நின்றால் அவள் இல்லாத கடை கண்ணில் வந்தது. இருமல் இல்லாத சந்தை. அந்த இருமல் போக வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன், அது நின்றுவிடக் கூடாதே என்று அந்த நாட்களில் வேண்டினேன்.

தனித்தனி என்று வந்தது. இரண்டும் வேறு வேறு. நுரையீரலில் இருந்தது நுரையீரலுடையதே. இரண்டுமே இன்னும் கை மீறவில்லை.

காரிடாரில் அப்பா சுவரோடு சாய்ந்து அழுதார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "என்ன கண்ணு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ரெண்டு புத்துன்னு சொல்லிட்டாங்க," என்றாள் அக்கா. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணுக்கு ரெண்டா இருக்குதுன்னு சந்தோசப்படற ஆளுக நாங்கதானுங்க இந்த ஊர்ல."

மார்பை முதலில் எடுத்தார்கள். உடம்பு தேறிய பிறகு, பெரிய ஊரில், நுரையீரலின் கீழ்ப் பாதியை எடுத்தார்கள். இரண்டாயிரம் பிறந்த பொங்கலுக்கு அவள் கடையில் இருந்தாள். மச்சான் கேஸ் அடுப்பு வாங்கியிருந்தார். பீடியைச் சந்தையின் அந்தக் கோடிக்குப் போய்க் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, திருடன் மாதிரி வருவார். "வாடா திருடா" என்று அவர் காதுபடவே என்னைக் கூப்பிடுவாள்.

பேச்சு துண்டு துண்டாகிவிட்டது. இரண்டு வார்த்தை, ஒரு மூச்சு. மறுபடி இரண்டு வார்த்தை. ஆனால் பேசுவதைக் குறைத்துக்கொள்ளவில்லை. கிடைத்த வருஷங்களை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்றால், பஸ் ஏறினாள். எங்கள் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்துப் போன பெண்கள், அவர்கள் பெற்ற பெண்கள், எங்கெங்கே இருந்தார்களோ அங்கெல்லாம் ஒரு பலாப்பழத்தோடு போய் இறங்கினாள். பழத்தைச் சுமக்க நான்.

அத்தையின் இரண்டாவது மகளுக்கு அதற்குள் நல்ல இடத்தில் கல்யாணமாகியிருந்தது. தோட்டத்து வீடு. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அக்காவை நங்கை என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுவாள், முறை அப்படி. பழத்தை இறக்கி வைத்த கையோடு அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"நங்கை, பழம் குடுக்க வந்தீங்களா, என் மாரைப் பாக்க வந்தீங்களா?" என்று அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டுக்கும்தான். நீ பழத்தை அறு. அறுக்கறதுக்குள்ள, நான் கேக்கறதைக் கேளு."

நான் வெளியே கிணற்றடிக்கு நகர்ந்தேன். இருந்தும் கேட்டது. அக்கா எதையும் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு இது இருந்தது, எனக்கு இருந்தது, வருஷம் ஒருமுறை போய்க் காட்டு, நான் கூட்டிப் போகிறேன். உள்ளேயிருந்து மாமியார்க்காரி வந்து நின்றார்.

"அதெல்லாம் எங்க ஊட்ல கிடையாதுங்க," என்றார், மரியாதையாகத்தான்.

"உங்க ஊட்ல கிடையாதுங்காத்தா. எங்க ஊட்ல இருக்குது." அக்கா மூச்சு வாங்கினாள். நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மூச்சு முடிய நின்றேன். "இவ எங்க ஊட்டு ஆளு."

உள்ளே பலாவை அறுக்கிற சத்தம் கேட்டது. போகும்போது மாமியார்க்காரி கைக்கு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் கையைப் பிடித்து, பிசினை அவரே தேய்த்து எடுத்தார். அடுத்த மாசம் அவரே மருமகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. அத்தையின் பெரிய மகள் எங்களை வாசலோடு அனுப்பினாள். செத்துப்போன ஆத்தாளை ஊர் ஊராகக் கூறு போட்டு விற்கிறீர்களா என்று கேட்டாள். பழத்தை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வந்தோம். பஸ்ஸில், "அவளுக்கும் பசிக்கும்," என்றாள். அவள் எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. வளைவுகளில் அவள் தலை என் தோளில் வந்து இடித்தது. எடை இல்லாத தலை. ஒவ்வொரு வளைவும் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து மறுபடி வந்தது. இந்த முறை இரண்டு நுரையீரலிலும். இது பரவிப் போனது, அங்கேயே பிறந்தது அல்ல என்றார் டாக்டர். அக்கா கேட்டுக்கொண்டாள். சோளக்காட்டிலேயே இருக்கிறேன் என்றாள். சந்தை கூடுகிற ஒரு காலையில், மிளகுக்காரர்கள் குரல் உயர்த்தி விலை பேசிக்கொண்டிருந்தபோது, போனாள். மச்சான் கடையை மூடவில்லை. டீ கேட்டவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், நாங்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறவரை.

அத்தை மகள் வருஷா வருஷம் காட்டிக்கொண்டாள். அக்கா போன பிறகு ஒரு வருஷம் பட்டாணி அளவில் ஒன்று இருந்தது. உடனே எடுத்துவிட்டார்கள். இப்போதும் போகிறாள். போய்விட்டு வந்தால் எனக்கு போன் செய்வாள்.

"ஒண்ணுமில்லீங்களாம் மாமா."

"நுரையீரல் படமும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. சுத்தமா இருக்குதாம். நங்கை இருந்திருந்தா அந்தப் படத்தையே எடுத்துட்டு வான்னு சொல்லியிருக்கும்."

"சொல்லியிருக்கும்," என்பேன். வைத்துவிடுவேன்.

அப்புறம் ஆபீசில் என்னால் இருக்க முடியாது. லோடு கேட்டு வந்திருப்பவர்களை அப்படியே உட்கார வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். இந்தச் சேதியை அவ்வளவு ஆசையாகக் கேட்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவளிடம் சொல்லப் போவது மாதிரியே கால் போகும். மலை ஏறும். பனி வரும். சோளக்காட்டில் இறங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நொடி படியிலேயே நிற்பேன். சந்தை இரையும். வேறொன்றும் இருக்காது. பின்னால் நிற்கிறவர் "இறங்குங்க சார்" என்பார்.

மச்சானுக்கு வயதாகிவிட்டது. போன முறை ஏறியபோது சேதியைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நல்ல சேதிங்க. இதைச் சொல்லவா மாப்ள இத்தனை தூரம் வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

கொட்டகையில் வேறு ஒரு பெண் கேஸ் அடுப்பில் போண்டா போட்டுக்கொண்டிருந்தாள். புகையே இல்லை. சுவர் கூட வெள்ளையடித்திருந்தது.

"பஸ் நின்னுட்டிருந்துச்சுங்க மச்சான். ஏறிட்டேன்," என்றேன்.